வெட்டாமல் வாங்கிய யானை

ரயிலுக்காகக் கேட் சாத்தினால் ஒன்பது நிமிடமோ பதினொரு நிமிடமோ கழித்துத்தான் திறக்கும் ஊர் வெள்ளாங்குடி. தண்டவாளத்துக்குக் கிழக்கே வீடுகளும் மேற்கே ஆஸ்பத்திரியும் சந்தையும் பள்ளிக்கூடமுமாக இரண்டாகக் கிடந்த அந்த ஊரில் கேட் ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை சாத்தியது, சாத்திய போதெல்லாம் கேட்கீப்பர் ஞானதுரையின் அறைக்கு வெளியே இருந்த சிமெண்டு பெஞ்சில் சதுரங்கப் பலகை விரிந்தது, திறந்த போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாதி ஆட்டத்திலேயே காய்களை அள்ளிப் பையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். அதனால் வெள்ளாங்குடியில் யாரும் யாரையும் ஜெயித்ததில்லை, யாரும் யாரிடமும் தோற்றதுமில்லை. ஆனால் ஆட்டத்தைத் தொடங்குவதில் அவர்களைப் போல வேறு ஊர்க்காரர்கள் கிடையாது.

ஏழெட்டு நகர்த்தலுக்குள் ஒரு காயை வேண்டுமென்றே எதிராளிக்குக் கொடுத்து, அவர் அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே நம் படையை வெளியே கொண்டு வந்துவிடும் தந்திரத்தை அவர்கள் கொடை என்று சொன்னார்கள். அம்மன் கோயிலுக்கு எடுக்கும் திருவிழாவும் கொடை, ஆட்டத்தில் கொடுப்பதும் கொடை. கொடைகளைக் கண்டுபிடிப்பதில் முதல் ஆள் முப்புடாதி. அவள் வாழை இலைக் கட்டுகளை மொபெட்டில் வைத்துச் சந்தைப் பக்கத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவள். கேட்டில் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது மாட்டிக்கொள்வாள். மாட்டிய ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பாள். ராணியை இரண்டாவது நகர்த்தலிலேயே வெளியே விடும் ‘பந்திக்கு முந்து’ அவளுடையது. குதிரையை அனுப்பி, எதிராளி எழுந்து கும்பிடும் முன் திரும்ப அழைத்துக்கொள்ளும் ‘சம்பந்தி மரியாதை’ அவளுடையது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாத, தின்று முடிக்கவும் முடியாத ஒரு சிப்பாயை நடுக்கட்டத்தில் கொண்டு வைக்கும் ‘உப்புமா’வும் அவளுடையதுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஓரத்துச் சிப்பாயை அசட்டுத்தனமாக முன்னே தள்ளினாள், பக்கத்துச் சிப்பாயையும் தள்ளினாள், மூலைக் கட்டத்தில் நின்ற யானையைத் திறந்து போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எதிரே இருந்தவன் இசக்கிராஜ். ஊரில் எல்லோரும் குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன்.

“என்னக்கா இது, யானையவே கொடுக்கிய?”

“கொடைன்னு வந்துட்டா சிப்பாய் என்ன, யானை என்ன? வெட்டுதியா, விடுதியா? மணி அடிக்கப் போவுது.”

இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி செண்பகவடிவு அப்போது ஆறு மாதம். மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் பிள்ளைக்கு வலி எடுத்து வண்டியில் ஏற்றி வந்தபோது இதே கேட் சாத்தியிருந்தது. பதினொரு நிமிடம் கழித்துத் திறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை இல்லை. யாருடைய தப்பும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் அப்படித்தான் சொன்னான். ஆனால் இந்த முறை அவன் எதிலும் குறை வைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்காரன் செய்யக்கூடாது என்று ஊர் சொன்ன எதையும் செய்யவில்லை. தேங்காய் உடைக்கவில்லை, மரம் வெட்டவில்லை, பாம்பைக் கண்டால் வழி விட்டான், வெட்டு என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கவில்லை.

அதனால், வெட்டுதேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன், “வாங்கிக்கிடுதேன்க்கா” என்றான்.

வெட்டின காய் செத்துப்போகும். வாங்கின காய் வாங்கினவனுக்குச் சொந்தம். எடுத்த காயைப் பலகைக்கு அப்பால் வைப்பதுதான் வழக்கம் என்பதால், யானை கேட்டுக்கு அப்பால், ஆஸ்பத்திரியையும் தாண்டி, புளியமரத்து முக்கில் கிழக்கே பார்த்து நின்றது. ஒன்பதடி உயரம், ஒரு காதில் சின்னக் கீறல், நெற்றியில் ரோஜா நிறப் புள்ளிகள். மணி அடித்துக் கேட் திறந்ததும் அந்தப் பக்கம் போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் சந்தைக்காரர்கள், வழியில் நிற்கிறதே என்று சத்தம் போட்டார்கள். மறுநாள் அதன் நிழலில் எலுமிச்சம்பழக் கூறு வைத்தார்கள். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து உயரம் அளந்து, வயது எழுதி, எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘ஆட்டத்திலிருந்து’ என்று இசக்கிராஜ் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனார்கள். கோயில் யானைப் பாகர் ஒருவர் வந்து காதருகே பேசிப் பார்த்தார், கரும்பைக் காட்டிப் பார்த்தார், சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார். அது தின்றது, தலையை ஆட்டியது, ஆனால் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. மினி பஸ் அந்த இடத்தில் வளைந்து போகப் பழகியது, வளைந்த இடத்துக்கு யானை முக்கு ஸ்டாப் என்று பெயர் வந்தது, பள்ளிக்கூடத்தில் லேட்டாக வந்த பிள்ளைகளெல்லாம் யானையைக் காரணம் சொன்னார்கள், யானை நகரவே இல்லையே என்று வாத்தியார் அவர்களை வெளியே நிறுத்தினார். கேட்டில் ஆடியவர்கள் இப்போது ரொம்ப ஜாக்கிரதையாக வெட்டுதேன், வெட்டுதேன் என்று உரக்கச் சொன்னார்கள். குதிரைக்கு ஆசைப்பட்டு வாங்கிக்கிடுதேன் என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. ஆசைப்பட்டுச் சொன்னவர்களுக்கு ஒரு கழுதைகூட வரவில்லை.

தீனி போடும் வேலை இசக்கிராஜ் தலையில் விழுந்தது. காலையும் மத்தியானமும் குட்டியானை நிறைய வாழைத்தண்டும் கழிவு இலையும் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

“யானையக் கட்டித் தீனி போடுதுன்னா என்னன்னு இன்னைக்குத்தாம்வே நேர்ல பாக்கோம்” என்றார்கள் பெஞ்சில் இருந்தவர்கள். “வண்டியோட சேத்தா உமக்கு ஒண்ணுக்கு ரெண்டு யானைல்லா! பெரிசுக்குச் சின்னது சோறு கொண்டு போவுது.”

“சிரிங்கவே, சிரிங்க” என்று அவனும் சிரித்தான். தண்டும் இலையும் கொடுத்தவள் முப்புடாதி. கொடுத்தவள் பாதியில் கையை விட்டால் அது கொடை இல்லை என்று அவள் சொன்னாள்.

அவனுக்கு இருந்த கவலை தீனி இல்லை. வடிவுக்கு ஐந்தாம் மாதத்திலேயே டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். “இப்ப அசைச்சா இப்பவே பிறந்துடும். வலி வர்ற வரைக்கும் அசைக்காதீங்க. வலி வந்துட்டா அஞ்சு நிமிஷத்துல என் மேசையில இருக்கணும்.” கேட் திறந்திருந்தால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான்கு நிமிடம். சாத்தியிருந்தால் எத்தனை என்று அவனுக்குத் தெரியும். பதினெட்டு முறை சாத்தும் கேட்டுக்கு முன்னால் ஒரு வலி எந்த நேரத்தில் வரும் என்று அவன் தினமும் விரல் விட்டுப் பார்த்து, தினமும் பாதியில் நிறுத்தினான்.

வடிவு படுத்தபடியே ஆடுகிறவள். தலைமாட்டில் ஒரு காந்தப் பலகை, வயிற்றின் மேட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாலையில் வரும் முப்புடாதியோடு புதுக் கொடைகளை ஆடிப் பார்ப்பாள். புரட்டாசி பிறந்த மறுநாள் அவள் ஒரு காயையும் தொடாமல் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த யானை வந்ததுலேர்ந்து ஒரு அடியாவது நகந்துச்சா?”

“எங்க? மலை மாதிரி நிக்கி.”

“நான்?”

“நீயும் மூணு மாசமா அப்படியேதான் கெடக்க.”

“அப்ப எங்க ரெண்டு பேருக்கும் கோட்டை கட்டுத உரிமை இருக்குல்லா?”

முப்புடாதி கையில் இருந்த குதிரையைக் கீழே வைத்தாள்.

சதுரங்கத்தில் ஒரே ஒரு நகர்த்தலில் மட்டும் இரண்டு காய்கள் சேர்ந்து போகும். ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் போவார், யானை அவரைத் தாண்டி அந்தப் பக்கம் வந்து நிற்கும். அதற்குப் பெயர் கோட்டை கட்டுதல். ராஜாவும் அந்த யானையும் அதுவரை அசைந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே எந்தக் காயும் இருக்கக் கூடாது. ராஜா தாண்டும் கட்டத்தின்மேல் எதிரியின் பார்வை விழக் கூடாது. முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும், யானையைத் தொட்டுவிட்டால் கோட்டை கிடையாது.

வடிவு விரலால் காற்றில் எண்ணிக் காட்டினாள். வீடு ஒரு கட்டம். நேர் ரோட்டில் அடுத்தது கேட். அதற்கடுத்தது ஆஸ்பத்திரி. அதற்கடுத்தது யானை முக்கு. இரண்டு கட்டம் போனால் ஆஸ்பத்திரி.

“நீ ராணியால்லா இருக்கணும், ராஜாங்கிறியே” என்றான் வாசலில் நின்ற இசக்கிராஜ்.

“ராணின்னா நெனச்ச பக்கம் நடப்பாளே. சுத்தி இத்தன பேர் நின்னும் ஒரு அடி வைக்கப் பயந்துட்டுக் கெடக்கது ராஜாதான். நான் ராஜா.”

மறுநாள் பெஞ்சில் அதே பேச்சு. கேட் ஒரு காயா இல்லையா என்று முதலில் சண்டை வந்தது. கேட் காய் இல்லை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் கோடு, கோட்டைத் தாண்டாமல் எந்தக் காய்தான் நகர்கிறது என்று முப்புடாதி கேட்டதும் அது முடிந்தது. ஆனால் ரயில்? அது நேர்க்கோட்டில் பாய்ந்து வரும் காய். அது வரும்போது தண்டவாளத்துக் கட்டம் அதன் பார்வையில் இருக்கும். அப்போது கோட்டை கட்ட முடியாது.

“சிவப்பு சிக்னல் விழுந்துட்டா?” என்றாள் முப்புடாதி. “ரயிலுக்கும் கேட்டுக்கும் நடுவுல ஒரு காய் வந்து நின்ன மாதிரில்லா? பார்வை மறைஞ்சுரும்.”

எல்லோரும் ஞானதுரையைப் பார்த்தார்கள். அவர் இருபத்தாறு வருடம் அந்தக் கேட்டில் இருப்பவர். ஒரு நிமிடம் முன்னே சாத்தியதில்லை, ஒரு நிமிடம் பின்னே திறந்ததில்லை.

“ராஜா ரெண்டு கட்டம் போனா யானை எங்க வந்து நிக்கும்?” என்று அவர் கேட்டார்.

ராஜா தாண்டின கட்டத்தில் வந்து நிற்கும். அதாவது தண்டவாளத்தில்.

“அப்ப என்னய விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போனார். அதற்குப் பிறகு பலகையை வெளியே எடுத்துக் கொடுக்கும்போதும் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஐப்பசி ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குக் கேட் சாத்தியது. சரக்கு ரயில். இசக்கிராஜ் மேற்கே யானைக்குத் தண்டு ஊட்டிக்கொண்டிருந்தான். வடிவுக்கு வலி எடுத்தது பதினொன்று இருபத்திரண்டுக்கு. முப்புடாதி பக்கத்தில் இருந்தாள். அவள் ஞானதுரைக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, புள்ளைக்கு வலி வந்துட்டு.”

ஞானதுரை லீவரைப் பார்த்தார். சிக்னலுக்குப் பச்சை கொடுத்தாயிற்று, ரயில் முந்தின ஸ்டேஷனைத் தாண்டியாயிற்று. கொடுத்த பச்சையைத் திரும்ப எடுப்பதை அவர் இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பதினொரு நிமிடமும் அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, வண்டிக்குள் கேட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றவர் என்பதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

லீவரை இழுத்தார். பச்சை போய்ச் சிவப்பு விழுந்தது. பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

“சார், கேட்டுல தடங்கல். தண்டவாளத்துல யானை.”

“நிக்குதா?”

“நிக்கும் சார்.”

“எந்த யானை?”

“நம்ம யானைதான் சார்.”

“சரி, சரி. வண்டி சிக்னல்ல நிக்கட்டும்.”

அதற்குள் சேதி ரோட்டில் ஓடிவிட்டது. நடுவே எதுவும் இருக்கக் கூடாது, நடுவே எதுவும் இருக்கக் கூடாது என்று ஒருவர் சொல்ல அடுத்தவர் சொல்ல, கேட்டுக்குக் கிழக்கே நின்ற டிராக்டர் பின்னால் போனது, ஆட்டோக்கள் சந்துக்குள் போயின, மினி பஸ் டிரைவர் பயணிகளை இறக்காமலே வண்டியை வயலுக்குள் இறக்கினார், மேற்கே எலுமிச்சம்பழக் கூறுகள் முந்தானையில் ஏறின, பால்காரர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு ஓரமும் வரிசையாக நின்றார்கள், ஒரு கோழி மட்டும் நடு ரோட்டில் நின்று யோசித்தது, அதையும் ஒருவர் தாவிப் பிடித்தார். வடிவின் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட எடுத்துவிட்டார்கள். கட்டிலிலிருந்து திறந்த கதவு வழியாகப் பார்த்தால், ரோடு கழுவி விட்டது போல யானையின் நெற்றி வரைக்கும் வெறுமையாகத் தெரிந்தது.

இசக்கிராஜின் போன் அடித்தது. மறுமுனையில் முப்புடாதி.

“தம்பி, யானையத் தொடாத. கைய எடு. எட்ட நில்லு.”

அவன் கையைத் தும்பிக்கை பிடித்திருந்தது. அவன் மெல்ல, விரல் விரலாக அதை விடுவித்துக்கொண்டு, ஓரடி, ஈரடி, மூன்றடி பின்னால் போய் நின்றான். அங்கே அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது, நீளமாக, பிறகு குறைந்து, பிறகு இரும்பு உரசும் சத்தமாகி நின்றது. ஞானதுரை சிவப்புக் கொடியோடு வெளியே வந்து, முப்புடாதிக்குப் போனில், “நின்னுட்டு. சொல்லச் சொல்லு” என்றார்.

வடிவு தன் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தன்னைத் தொட்டுக்கொண்டாள். “கோட்டை” என்றாள்.

ஒரு சத்தமும் இல்லை, காற்றுகூட அடிக்கவில்லை. பிரசவ வார்டில் காலியாக இருந்த மேசையில் ஒரு பெண் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தாள். பஞ்சு மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்து, “சீட்டு போட்டாச்சா?” என்று கேட்டாள்.

“வெளிய எங்க வீட்டுக்காரர் நிக்காரு, போடுவாரு. நீங்க டாக்டரம்மாவக் கூப்பிடுங்க” என்றாள் வடிவு.

கேட்டில், இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, யானை தண்டவாளத்தின்மேல் நான்கு காலையும் சேர்த்து வைத்து நின்றது. முந்நூறு அடிக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிப் பார்த்தார். ஞானதுரை கொடியை உயர்த்திப் பிடித்தபடி யானையின் பக்கத்தில் போய், ஊரார் யாரும் அதுவரை அவரிடம் கேட்டிராத குரலில், “தாயி, வேலை முடிஞ்சுட்டு. கொஞ்சம் வழி விடு” என்றார். அவர் கேட் கம்பியை உயர்த்தினார். ஒருமுறை நகர்ந்த காய் அதற்குமேல் நகரத் தயங்குவதில்லை. அது கிழக்கே நேராக, காலியான ரோட்டில், யாரையும் உரசாமல் நடந்து, ஊரைத் தாண்டிக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளி முதுகில் ஊற்றிக்கொண்டது. ரயில் பச்சை வாங்கிக்கொண்டு போனது. ஞானதுரை பதிவேட்டில் பதினான்கு நிமிடம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

இசக்கிராஜ் சீட்டுப் போட்டான், வயதைத் தப்பாகச் சொல்லித் திருத்திச் சொன்னான், வார்டுக்கு வெளியே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். முப்புடாதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பிள்ளை அழுதது. அவன் அசையவில்லை.

“அழுவுதுடே” என்றாள் அவள்.

“வேற யாரோட புள்ளையாவது இருக்கும்க்கா.”

“உள்ள வேற யாரு இருக்கா?”

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். “செண்பகவடிவு வீட்டுக்காரரு யாரு? பொம்பளப் புள்ள. ரெண்டு கிலோ நூறு. எடை கொஞ்சம் கம்மிதான், ஆனா நல்லா அழுவுது, பயம் இல்ல.”

“அவ?”

“அவங்களுக்கென்ன? டீ கேக்காங்க.”

அவன் ஓடினான். டீ வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது பாதி கையில் கொட்டியிருந்தது, அது சுட்டதும் அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை துணிக்குள் சிவப்பாகச் சுருண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வடிவு தலையைத் தூக்கி டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“சீனி காணாது” என்றாள்.

இசக்கிராஜ் டம்ளரை வாங்கிக்கொண்டு இன்னொரு டீக்குக் கிளம்பினான். அவசரம் ஒன்றும் இல்லாததால் இந்தத் தடவை நடந்தே போனான்.